ஓர் அசைவு, ஓர் எண்: ஒலியும் நிறமும் சேர்ந்து இயங்கும் முதல் ஸ்கெட்ச்சுக்கான வழிகாட்டி

மவுஸை அழுத்திக்கொண்டு திரையில் இழுக்கும்போது சுரம் ஒன்று ஒலிக்க வேண்டும். அதே கணத்தில், அதே இடத்தில், அந்தச் சுரத்துக்கு உரிய நிறம் வளையமாக விரிய வேண்டும். கையை எடுத்ததும் ஒலி அடங்க, நிறமும் மெல்ல மங்கி மறைய வேண்டும். நிரல் எழுதியே பழகாத ஒருவர் இரண்டு மூன்று மாலைப்பொழுதுகளில் செய்து முடிக்கக்கூடிய இந்தச் சிறிய படைப்பை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

புதிதாகத் தொடங்குவோர் பலரும் ஒலிக்கு ஒரு கணக்கும் நிறத்துக்கு வேறொரு கணக்கும் எழுதி, இரண்டையும் அருகருகே ஓடவிடுகிறார்கள். தனித்தனியே பார்த்தாலும் கேட்டாலும் இரண்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் கையை நகர்த்துபவருக்கு ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு காரியங்கள் நடப்பதுபோல் தோன்றும். கையின் ஓர் அசைவிலிருந்து ஓர் எண்ணைப் பெற்று, காதுக்கு வேண்டியதையும் கண்ணுக்கு வேண்டியதையும் அந்த ஒரே எண்ணிலிருந்து வரவழைத்தால் இந்தப் பிளவு நீங்கிவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

கருவியும் ஆயத்தமும்

எம்ஐடி மீடியா லேபில் பயின்ற பென் ஃப்ரையும் கேசி ரியாஸும் 2001இல் ப்ராசஸிங் என்ற நிரலாக்கச் சூழலைத் தொடங்கினார்கள். காட்சிக் கலைஞர்கள் நிரல் வழியாகவே வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். எழுதும் நிரலை ‘ஸ்கெட்ச்’ என்று அழைக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது. அதே எண்ணத்தை உலாவிக்குள் கொண்டுவரும் பணியை லாரன் லீ மெக்கார்த்தி 2013இல் தொடங்கினார். அதன் விளைவுதான் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இயங்கும் பி5.ஜேஎஸ். ஒலிக்கென்று பி5.சவுண்ட் என்ற துணை நூலகம் இருக்கிறது. இவை கட்டற்ற மென்பொருள்கள், பி5.ஜேஎஸ் தளத்திலேயே உள்ள எடிட்டரைத் திறந்து, எதையும் நிறுவாமல், இடப்பக்கம் நிரல் எழுதி வலப்பக்கம் விளைவைப் பார்க்கலாம்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். இங்கே சொல்லப்படும் கட்டளைகள் பி5.ஜேஎஸ் 1 வரிசைப் பதிப்புகளை ஒட்டியவை. 2 வரிசையில் சில மாற்றங்கள் உள்ளன. எடிட்டரின் இடப்புறக் கோப்புப் பட்டியலில் உள்ள இன்டெக்ஸ் கோப்பைத் திறந்து, பி5.சவுண்டை அழைக்கும் வரி அங்கே இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த வரி இல்லையென்றால் ஒலிக்கான கட்டளை எதுவும் வேலை செய்யாது. அடுத்து, கட்டளைகளின் பெயர்களை இக்கட்டுரையில் ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டும்போது, முதல் சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கி, ஒட்டிவரும் அடுத்த சொல்லின் முதலெழுத்தை மட்டும் பெரியதாக எழுத வேண்டும். மவுஸின் கிடைமட்ட இடத்தைச் சொல்லும் மவுஸ்எக்ஸ் என்பதில் ‘எக்ஸ்’ பெரிய எழுத்து; அதைச் சிறியதாகத் தட்டினால் கணினிக்கு அது வேறொரு பெயர்.

எடிட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கை இடமிருந்து வலம் போனால் சுரம் உயரும், நிறம் மாறும். கை மேலே போனால் ஒலி கூடும், நிறம் செறிவடையும். அழுத்தினால் தொடங்கும். விட்டால் அடங்கும். இந்த நான்கு வரிகள்தான் நம் ஒப்பந்தம். பிறகு நிரலில் எந்தக் குழப்பம் வந்தாலும் இந்தத் தாளிடம் திரும்பி வரலாம்.

திரையை விரித்தல்

எடிட்டர் உங்களுக்கு முதலிலேயே இரண்டு செயற்கூறுகளை, அதாவது ஒரு பெயரின்கீழ் சேர்த்து எழுதும் கட்டளைத் தொகுப்புகளை, தந்திருக்கும். செட்அப் என்பது ஸ்கெட்ச் தொடங்கும்போது ஒரே ஒரு முறை ஓடும். டிரா என்பது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரும்பத் திரும்ப ஓடும். இந்த வேறுபாட்டை உள்வாங்கிக்கொண்டாலே பாதிப் பிழைகள் வராமல் போகும். உருவாக்க வேண்டியவற்றை செட்அப்பிலும், மாறிக்கொண்டே இருப்பவற்றை டிராவிலும் எழுதுங்கள்.

செட்அப்பில் கிரியேட்கேன்வாஸ் கட்டளைக்கு 900, 500 என்ற இரண்டு எண்களைக் கொடுங்கள். அகலமும் உயரமும் பிக்சலில். புள்ளிகளின் கணக்கு இடப்பக்க மேல் மூலையில் சுழியத்தில் தொடங்கி, வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் கூடிக்கொண்டே போகும் என்பதைக் கவனியுங்கள். பள்ளி வரைபடத்தாளில் மேலே போனால் எண் கூடும். இங்கே மேலே போனால் குறையும்.

அடுத்த வரியில் கலர்மோட் கட்டளைக்கு எச்எஸ்பி என்ற சொல்லையும் (இதில் மூன்றும் பெரிய எழுத்து) 360, 100, 100, 100 ஆகிய நான்கு எண்களையும் கொடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகளைக் கலந்து நிறம் தேடும் முறையை விட, சாயல், செறிவு, ஒளிர்வு என்று பிரித்துச் சொல்லும் இந்த முறைதான் நம் வேலைக்குப் பொருந்தும். சாயல் ஒரு வட்டம்: 0 சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 240 நீலம், 360இல் மீண்டும் சிவப்பு. செறிவு குறையக் குறைய நிறம் வெளுக்கும். ஒளிர்வு குறையக் குறைய இருளும். நான்காவது எண் ஒளிபுகாத் தன்மை. சுழியம் என்றால் கண்ணுக்கே தெரியாது.

டிராவின் முதல் வரியில் பேக்ரவுண்ட் கட்டளைக்கு 0, 0, 0, 12 என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது டிரா ஓடும் ஒவ்வொரு முறையும், திரை முழுவதையும் கறுப்பால் மூடாமல், 12 விழுக்காடு மட்டுமே கறுப்பைப் பூசுகிறோம். அதனால் முன்பு வரைந்தவை உடனே அழியாமல் சிறிது சிறிதாக மங்குகின்றன. இந்த எண்ணை மிகவும் குறைத்தால், முழுதும் மங்காத சாம்பல் நிறத் தடம் ஒன்று திரையில் நிலைத்துவிடும். பிக்சலின் மதிப்பு முழு எண்களாகவே வைக்கப்படுவதால், கழிக்க வேண்டிய அளவு அரைக்கும் கீழே போனதும் கழித்தலே நின்றுவிடுகிறது என்பதுதான் காரணம். 10க்கும் 20க்கும் இடையில் வைத்துக்கொண்டால் கண்ணுக்கு உறுத்தாது.

அதிர்வெண்ணை நேராகப் பிடிக்காதீர்கள்

ஒலிக்கு வருவோம். மவுஸின் இடத்தை அதிர்வெண்ணாக மாற்றுவதற்கு மேப் என்ற கட்டளை உண்டு. ஒரு வரம்பில் உள்ள எண்ணை இன்னொரு வரம்புக்கு அது மாற்றித் தரும். மவுஸ்எக்ஸ் 0 முதல் 900 வரை போகும்போது அதிர்வெண் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை போகட்டும் என்று எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை எழுதி இழுத்துப் பார்த்தால், இடப்பக்க ஓரத்தில் சிறிது நகர்த்தினாலே ஒலி தாவி ஏறுகிறது. வலப்பக்கத்தில் எவ்வளவு இழுத்தாலும் அசைய மறுக்கிறது.

நம் காது அதிர்வெண்ணைக் கூட்டலாகக் கேட்பதில்லை, பெருக்கலாகக் கேட்கிறது. அதிர்வெண் இரட்டிப்பானால் ஒரு ஸ்தாயி ஏறியதாக உணர்கிறோம். மேலே சொன்ன கணக்கின்படி 100இலிருந்து 200 வரையிலான முதல் ஸ்தாயிக்குத் திரையில் 100 பிக்சல்தான் கிடைக்கிறது. 200இலிருந்து 400 வரையிலான அடுத்த ஸ்தாயிக்கு 200 பிக்சல். 400இலிருந்து 800 வரை 400 பிக்சல். மூன்றும் காதுக்குச் சம தூரங்கள். கைக்கோ ஒன்று மற்றொன்றைவிட இருமடங்கு.

இதற்குத் தீர்வு, அதிர்வெண்ணை விட்டுவிட்டு மிடி எண்களைப் பயன்படுத்துவது. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த மிடி நெறிமுறையில் ஒவ்வொரு சுரத்தானத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு எண்கள். 69 என்றால் 440 ஹெர்ட்ஸ், 81 என்றால் 880, 57 என்றால் 220. மிடி எண்ணை அதிர்வெண்ணாக மாற்றும் வேலையை மிடிடூஃப்ரெக் என்ற கட்டளை பார்த்துக்கொள்ளும். இந்த எண்களைத் திரையில் சம இடைவெளியில் பரப்பினால் கைக்கும் காதுக்கும் தூரம் ஒன்றாகிவிடும்.

எல்லாச் சுரத்தானங்களையும் பரப்ப வேண்டியதில்லை. பழக்கமில்லாத கை எங்கே போனாலும் இனிமை கெடாதிருக்க, ஐந்து சுரங்கள் மட்டும் கொண்ட வரிசை ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. மோகனத்தின் ச, ரி, க, ப, த இதற்கு மிகவும் ஏற்றவை. அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லாததால் அடுத்தடுத்த சுரங்கள் உரசுவதில்லை. சட்ஜத்தை 48 என்று வைத்துக்கொண்டால் அந்த ஐந்தும் 48, 50, 52, 55, 57 ஆகும். ஒவ்வொன்றோடும் 12 கூட்டினால் அடுத்த ஸ்தாயி, 24 கூட்டினால் அதற்கடுத்தது. ஆக மூன்று ஸ்தாயிகளுக்குப் பதினைந்து எண்கள். அவற்றை ஒரு பட்டியலாக நிரலின் உச்சியில், செட்அப்புக்கும் மேலே எழுதி வைத்து, அதற்குச் சுரங்கள் என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுங்கள். 900 பிக்சலைப் பதினைந்தால் வகுத்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் 60 பிக்சல் கிடைக்கிறது. விரல் தடுமாறாமல் நிற்பதற்கு இது போதுமான அகலம். (மிடி எண்கள் ஸ்தாயியைச் சமமாகப் பகுப்பவை. 64க்கு உரிய காந்தாரம் 329.63 ஹெர்ட்ஸ்; 60இன் 261.63ஐ ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் உயர்த்திக் கிடைக்கும் காந்தாரமோ 327.03. சுருதி கூர்ந்து கேட்பவர்கள் விகிதங்களைக் கொண்டே ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளலாம். முதல் ஸ்கெட்ச்சுக்கு அது கட்டாயமில்லை.)

இப்போது டிராவில் அந்த முதன்மையான எண்ணைப் பெறுவோம். மேப் கட்டளைக்கு மவுஸ்எக்ஸ், 0, 900, 0, 15 ஆகியவற்றோடு கடைசியாக ட்ரூ என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். மவுஸ் திரைக்கு வெளியே போனாலும் எண் வரம்பை மீறாதிருக்க அந்தக் கடைசிச் சொல் உதவும். கிடைப்பதை ஃப்ளோர் கட்டளையால் முழு எண்ணாக்கினால் 0 முதல் 14 வரையிலான வரிசை எண் வரும். அந்த வரிசையில் உள்ள சுரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்து ஒரு மாறியில் (மதிப்பு ஒன்றைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில்) வையுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் முதல் ஸ்கெட்ச்சை நண்பர்கள் சிலருக்குக் காட்டியபோது எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. ஒருவர் மவுஸை வலப்பக்க விளிம்பு வரை இழுத்தார். அதன்பின் ஒலி மாறியது, நிறம் மட்டும் சுரத்தோடு சேர்ந்து மாறவே இல்லை. பக்கத்தை மறுபடி திறக்கும் வரை நிலைமை அப்படியே இருந்தது. மவுஸ் சரியாக விளிம்பில் நிற்கும்போது மேப் தரும் விடை 15. பட்டியலிலோ 14ஆவது இடம்தான் கடைசி. இல்லாத இடத்தைக் கேட்டதால் வந்தது எண்ணே அல்லாத ஒரு மதிப்பு. அதோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விளைவும் எண் அல்லாததாகவே இருக்கும். என் நிறக் கணக்கு ஒவ்வொரு சட்டகத்திலும் முந்தைய மதிப்பின் மேல் கட்டப்பட்டிருந்ததால், ஒருமுறை கெட்டது பிறகு மீளவில்லை. வரிசை எண்ணையும் 14ஐயும் ‘மின்’ என்ற கட்டளைக்குள் கொடுத்து, சிறியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரே வரி இதைத் தடுத்திருக்கும். அந்த வரியை நீங்கள் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

சுரத்திலிருந்து நிறம்

ஒலிக்கும் நிறத்துக்கும் இயற்கையிலேயே ஒரு பொருத்தம் இருக்கிறதா என்ற கேள்வி பழையது. ஐசக் நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் ஏழு நிறங்களை வட்டமாக அமைத்து, அவற்றின் அகலங்களை ஒரு ஸ்தாயியின் இடைவெளிகளோடு பொருத்திக் காட்டினார். இயற்பியலின்படி அப்படியொரு கட்டாயம் இல்லை. காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது பத்து ஸ்தாயிகள் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ ஏறத்தாழ 400 முதல் 790 டெராஹெர்ட்ஸ் வரை, ஒரு ஸ்தாயிக்குக்கூடச் சற்றுக் குறைவு. எனவே பொருத்தத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. ஆயினும் நியூட்டனின் வட்டத்தில் நமக்குப் பயன்படும் ஓர் அமைப்பு இருக்கிறது: சாயல் ஒரு சுற்று வந்து தொடங்கிய இடத்தையே அடைகிறது, சுரமும் பன்னிரண்டு படி ஏறியபின் அதே பெயருக்குத் திரும்புகிறது.

இதையே கணக்காக்குவோம். மிடி எண்ணை 12ஆல் வகுத்து மீதியை எடுத்து, அதை 30ஆல் பெருக்குங்கள்; வருவதுதான் சாயல். சட்ஜத்துக்கு மீதி 0, ஆகவே சிவப்பு. ரிஷபத்துக்கு 2, சாயல் 60, மஞ்சள். காந்தாரத்துக்கு 4, சாயல் 120, பச்சை. பஞ்சமத்துக்கு 7, சாயல் 210, வானத்து நீலம். தைவதத்துக்கு 9, சாயல் 270, ஊதா. எந்த ஸ்தாயியில் தொட்டாலும் சட்ஜம் சிவப்பாகவே இருக்கும். ஸ்தாயியை வேறுபடுத்துவதற்கு ஒளிர்வைப் பயன்படுத்தலாம்: கீழ் ஸ்தாயிக்கு 60, நடுவில் 80, மேலே 100. சிறிது நேரம் வாசித்த பிறகு, அடுத்து எந்த நிறம் வந்தால் எந்தச் சுரம் என்பதை விளக்கம் எதுவும் கேட்காமலே கை அறிந்துகொள்கிறது. இதை முதன்முறை உணரும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

ஒரு சிறு திருத்தம் தேவைப்படும். எச்எஸ்பி முறையில் ஒரே ஒளிர்வு எண்ணைக் கொடுத்தாலும் மஞ்சள் கண்ணைக் கூசச்செய்யும், நீலமும் ஊதாவும் இருண்டு கிடக்கும். கண் எல்லா நிறங்களையும் ஒரே பிரகாசமாக உணர்வதில்லை. மஞ்சளின் ஒளிர்வைப் பத்துப் பதினைந்து குறைத்து, ஊதாவின் செறிவையும் சற்றுக் குறைத்தால் ஐந்து சுரங்களும் ஒரே வலுவில் ஒலிப்பதுபோலவே ஒரே வலுவில் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் வாசிக்கப்போகிறார்கள் என்பதால், வளையத்தின் இடமும் அளவும் சுரத்தைக் காட்டும்படி வையுங்கள். நிறத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஒலியை எழுப்புதல்

ஒலி எழுப்பும் பொருளுக்கு ஆசிலேட்டர் என்று பெயர். செட்அப்பில், பி5.ஆசிலேட்டர் வகையில் புதிதாக ஒன்றை உருவாக்கி ஒரு மாறியில் வையுங்கள். இதை டிராவுக்குள் எழுதுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. நொடிக்கு 60 ஆசிலேட்டர்கள் பிறந்து, சில நொடிகளில் உலாவியே திணறிவிடும். அலை வடிவங்களாக சைன், ட்ரையாங்கிள், ஸ்கொயர், சாடூத் ஆகிய நான்கைத் தேர்ந்தெடுக்கலாம். சைன் தூய்மையானது, ஆனால் நம் பட்டியலின் முதல் சுரம் 131 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால், மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் அது சைன் அலையாக வந்தால் காதில் விழாமலே போகலாம். மேலதிர்வுகள் சிறிது கலந்த ட்ரையாங்கிள் அத்தகைய ஒலிபெருக்கியிலும் கேட்கும் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன். ஹெட்ஃபோன் அணிந்திருந்தால், முதன்முறை இயக்குவதற்கு முன் ஒலியளவைக் குறைத்துவிட்டு, ஒலி வந்தபின் காதில் வையுங்கள். நிரலில் ஓர் எண் தவறினாலும் முழு வலுவில் ஒலி பாய்ந்துவிடும்.

பயனர் திரையைத் தொடும் வரை ஒலி எழுப்ப உலாவிகள் அனுமதிப்பதில்லை. நிரல் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்று புதியவர்கள் மணிக்கணக்கில் தேடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே மவுஸ்பிரஸ்ட் என்ற செயற்கூறை, டிராவுக்கு வெளியே தனியாக எழுதி, அதற்குள் முதலில் யூசர்ஸ்டார்ட்ஆடியோ கட்டளையை அழையுங்கள். பிறகு ஆசிலேட்டரின் ஒலியளவைச் சுழியமாக வைத்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். ஸ்டார்ட்டை ஒரே ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். தொடங்கிவிட்டதா என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு மாறியை ஃபால்ஸ் என்று வைத்து, தொடங்கியதும் ட்ரூ ஆக்கிவிடுங்கள். அதன்பின் ஒலியை எழுப்புவதும் அடக்குவதும் ஒலியளவை ஏற்றி இறக்குவதால் மட்டுமே நடக்கட்டும்.

ஒலியளவுக்கான கட்டளை ஆம்ப். அதற்கு இரண்டு எண்கள்: எந்த அளவு, எத்தனை நொடியில் அந்த அளவை அடைய வேண்டும். இரண்டாவது எண்ணை விட்டுவிட்டால், அழுத்தும்போதும் விடும்போதும் ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். அலை ஏறிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சுழியத்துக்கு வெட்டப்படுவதால் எழும் ஓசை அது. ஏறுவதற்கு 0.05 நொடியும் இறங்குவதற்கு 0.4 நொடியும் கொடுத்தால் அந்த ஓசை மறைவதோடு, சுரத்துக்கு ஓர் இயல்பான அடக்கமும் கிடைக்கும். மவுஸ்ரிலீஸ்ட் என்ற இன்னொரு செயற்கூறில் ஆம்ப் கட்டளைக்கு 0, 0.4 என்று கொடுத்துவிட்டால் கையை எடுத்ததும் ஒலி அடங்கிவிடும்.

செங்குத்து அசைவுக்கும் ஓர் எண் எடுத்துக்கொள்வோம். மவுஸ்ஒய்யை மேப் கட்டளையில் 500இலிருந்து 0 வரை என்று தலைகீழாகக் கொடுத்து, இங்கும் கடைசியில் ட்ரூ சேர்த்து, 0 முதல் 1 வரையிலான எண்ணாக மாற்றுங்கள். மேலே போனால் கூடும். அந்த எண்ணைத் தன்னோடு தானே பெருக்கி, பிறகு 0.3ஆல் பெருக்கினால் வருவது ஒலியளவு. அதே எண்ணை 70ஆல் பெருக்கி 30 கூட்டினால் வருவது நிறச்செறிவு. பெருக்கத்தின் காரணம் முன்பு சொன்னதுதான்: ஒலியளவையும் காது நேர்விகிதத்தில் உணர்வதில்லை, வர்க்கமாக்கினால் மெல்லிய ஒலிகளுக்குத் திரையில் தாராளமாக இடம் கிடைக்கும். 0.3 என்ற உச்சவரம்பைக் கூட்டாதீர்கள். பின்னர் இரண்டாவது, மூன்றாவது ஆசிலேட்டரைச் சேர்க்கும்போது எல்லாம் கூடி 1ஐத் தாண்டினால் ஒலி கரகரக்கும்.

டிராவுக்குள், தொடங்கிவிட்டதா என்பதைக் குறிக்கும் மாறியும் மவுஸ்இஸ்பிரஸ்ட் என்ற மாறியும் ட்ரூவாக இருந்தால் மட்டும், ஃப்ரெக் கட்டளைக்கு மிடிடூஃப்ரெக் தரும் விடையையும் 0.05ஐயும், ஆம்ப் கட்டளைக்குக் கணக்கிட்ட ஒலியளவையும் 0.05ஐயும் கொடுங்கள். இந்த நிலையில் ஓடவிட்டுப் பார்த்தால், திரை கறுப்பாகவே இருந்தாலும் கையில் ஓர் இசைக்கருவி வந்துவிட்டது தெரியும்.

வளையங்கள், மங்குதல், மென்மை

நிறம் சட்டென்று மாறினால் காதில் வழுகிச் செல்லும் சுரத்தோடு அது சேராது. ஆகவே இப்போதைய சாயல் என்று ஒரு மாறி வைத்து, ஒவ்வொரு சட்டகத்திலும் இலக்குச் சாயலை நோக்கி மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்த்துங்கள். ஏழு சட்டகங்களில், அதாவது 0.12 நொடிக்குள், பாதித் தூரம் கடந்துவிடும். அதிர்வெண்ணுக்குக் கொடுத்த 0.05 நொடிக்கு இது ஓரளவு இணையானது. லெர்ப் என்ற கட்டளை இதைச் செய்யும்; ஆனால் சாயல் வட்டமாக இருப்பதால் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. தைவதத்தின் 270இலிருந்து அடுத்த ஸ்தாயிச் சட்ஜத்தின் 0க்குப் போகும்போது லெர்ப் நீலம், பச்சை, மஞ்சள் என்று நீண்ட வழியே சுற்றிவரும். திரையில் வானவில் ஒன்று பளிச்சிட்டு மறையும். இலக்கிலிருந்து இப்போதைய சாயலைக் கழியுங்கள். விடை 180ஐ விடப் பெரியதானால் 360ஐக் கழியுங்கள். −180ஐ விடச் சிறியதானால், 360ஐக் கூட்டுங்கள். 0 கழித்தல் 270 என்பது −270; 360 கூட்டினால் 90. இப்போது நிறம் ஊதாவிலிருந்து இளஞ்சிவப்பு வழியாகக் குறுகிய பாதையில் சிவப்பை அடையும். இந்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தபின், 360ஐக் கூட்டி, 360ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டால் எண் எப்போதும் வட்டத்துக்குள் இருக்கும்.

வளையங்களுக்கு வெற்றுப் பட்டியல் ஒன்றைத் தொடக்கத்தில் உருவாக்குங்கள். வரிசை எண் முந்தைய சட்டகத்தில் இருந்ததிலிருந்து மாறும் ஒவ்வொரு முறையும், புதிதாக அழுத்தும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணத்தின் இடம், சாயல், செறிவு, ஒளிர்வு, விட்டம், உயிர் ஆகியவற்றை ஒரு பொருளாகக் கட்டி, புஷ் கட்டளையால் பட்டியலில் சேருங்கள். விட்டம் 10இலும் உயிர் 100இலும் தொடங்கட்டும். டிராவில் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து விட்டத்தில் 4 கூட்டி, உயிரில் 2 கழித்து, உள்ளே நிரப்பாமல் கோடு மட்டும் கொண்ட வட்டமாக வரையுங்கள். உயிரையே ஒளிபுகாத் தன்மையாகக் கொடுத்தால் வளையம் விரிய விரிய மங்கும். ஐம்பது சட்டகங்களில், ஒரு நொடிக்கும் குறைவாக, அது மறைந்துவிடும். உயிர் தீர்ந்த வளையங்களை ஸ்ப்லைஸ் கட்டளையால் நீக்குவதற்குப் பட்டியலின் கடைசியிலிருந்து முதல் நோக்கி வர வேண்டும். முன்னிருந்து பின்னாகப் போனால், ஒன்றை நீக்கியதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுவதால் அது கவனிக்கப்படாமல் தாண்டப்படும். திரையில் வளையங்கள் அவ்வப்போது துடிப்பதுபோல் தெரிந்தால் காரணம் இதுவே.

திரை முழுவதையும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒளிரவைக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பெரிய பரப்பு பளிச்சிட்டால் ஒளிக்கூச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்பதால், இணைய அணுகல்தன்மை வழிகாட்டிகளே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. வேகமாக இழுக்கும் கை அந்த எல்லையை எளிதில் கடந்துவிடும்.

சோதனை

இயங்குகிறது என்றவுடன் நிறுத்திவிடாமல், கெடுக்கும் நோக்கத்தோடு சோதித்துப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் மவுஸைக் கொண்டு நிறுத்துங்கள். அழுத்திக்கொண்டே திரைக்கு வெளியே இழுத்து அங்கேயே விடுங்கள். மிக வேகமாகத் தட்டுங்கள். மாறிகளின் மதிப்புகளை டெக்ஸ்ட் கட்டளையால் திரையின் ஒரு மூலையில் எழுதிக் காட்டிக்கொண்டே வாசித்தால், பிழை எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது கண்ணெதிரே தெரியும். முடிந்தபின் அந்த வரியை நீக்கிவிடலாம். தொடுதிரையில் இழுக்கும்போது பக்கமே நகர்ந்தால், டச்மூவ்ட் என்ற செயற்கூறை எழுதி அதன் கடைசி வரியில் ரிட்டர்ன் ஃபால்ஸ் என்று கொடுங்கள்.

பிறகு வேறொருவரிடம், எதையும் விளக்காமல், கொடுத்துவிட்டு அவருடைய கையை மட்டும் கவனியுங்கள். ஓரிரு நிமிடங்களில் அவர் ஒரு நிறத்தைத் தேடித் திரும்பி வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் உங்கள் பொருத்தம் பிடித்துக்கொண்டது. வராமல் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருந்தால், ஐந்து சாயல்களுக்கும் இடையிலான வேறுபாடு போதவில்லை, அல்லது நிறம் சுரத்துக்குப் பின்தங்கி வருகிறது. பத்தில் ஒரு பங்கு என்பதை ஐந்தில் ஒரு பங்காக்கி மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

அடுத்ததாகச் சேர்க்க விரும்புவோர்க்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. பி5.எஃப்எஃப்டி என்ற பொருளின் அனலைஸ் கட்டளை, ஒலிக்கும் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, 0 முதல் 255 வரையிலான 1024 எண்களாகத் தரும். அவற்றை வளையத்தின் கோட்டில் அலைகளாக வரையலாம். பி5.ஆடியோஇன் வழியாக மைக்கிலிருந்து குரலை எடுத்து, அதன் வலுவை மவுஸ்ஒய்யின் இடத்தில் பொருத்தலாம். மைக்கின் ஒலியை ஒலிபெருக்கிக்குத் திருப்பி அனுப்பினால் வீறிடும் என்பதால் அதை இணைக்காமல் அளவை மட்டும் படியுங்கள். இரண்டில் எதைச் சேர்த்தாலும், புதிதாக வரும் ஒவ்வோர் எண்ணும் கண்ணுக்கு ஒன்றையும் காதுக்கு ஒன்றையும் தருகிறதா என்பதை முதலில் எழுதிய தாளில் ஐந்தாவது வரியாகக் குறித்துவிட்டே எடிட்டரைத் திறவுங்கள்.